சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன செய்வீர்கள்?

குடியை விட்ட முதல் வாரத்தில் ஒருவரிடம் "உங்க குறிக்கோள் என்ன?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "இனிமே தொடவே மாட்டேன். என் புள்ளைங்க மேல சத்தியம்." அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது முழு உண்மை. ஆனால் மறுநாள் வேலை முடிந்து, பசியோடு, சட்டைப் பையில் 300 ரூபாயோடு, பழைய பஸ் ஸ்டாப்பில் இறங்கிப் பழைய தெருவழியே நடக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தச் சத்தியம் சொல்லித் தராது. குற்ற உணர்ச்சி கொதிக்கும்போது எடுத்த முடிவு, அந்த உணர்ச்சி ஆறியதும் கூடவே ஆறிவிடும். அதனால் எந்த நேரத்தில் எந்த உணர்ச்சி வந்து உலுக்குகிறது என்று முதலில் கண்டுபிடித்து, அந்த நேரத்துக்கென்று குறிக்கோள் வைக்க வேண்டும். குடிநோயிலிருந்து மீண்டு வருஷக்கணக்காக நிற்கிறவர்களைக் கவனித்தால், ஏறக்குறைய எல்லோரும் இதைத்தான் செய்திருக்கிறார்கள்.

அதற்கு முன்னால் உடம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் தொடங்கலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். மூன்றாம், நான்காம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள், வீட்டு ஆட்களையே அடையாளம் தெரியாது. இது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. காலையில் ஊற்றினால்தான் கை நிற்கும் என்ற கட்டத்தில் இருப்பவரும், முன்பு வலிப்பு வந்தவரும் வீட்டிலேயே தானாக நிறுத்திப் பார்க்கக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் உண்டு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 டெலி மனஸ் எண்ணுக்குக் கூப்பிடலாம். தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை.

தெருமுனை கிளினிக்கில் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டா தெம்பாயிடும்" என்று படுத்துக்கொள்ளும் பழக்கம் நம் ஊரில் நிறைய. நெடுநாள் குடித்தவர் உடம்பில் தயமின் என்கிற வைட்டமின் பி1 பெரும்பாலும் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட வாய்ப்பு உண்டு. "இவர் தினமும் குடிக்கிறவர், பி1 ஊசி போட்டாச்சா?" என்று கூட இருப்பவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். குடித்த அளவையும் உள்ளபடி சொல்லுங்கள். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மி.லி., 42.8 சதவீதச் சரக்கில் சுமார் 61 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டிலில் சுமார் 41 கிராம். "பீர்தான் சார், ரெண்டே ரெண்டு" என்பவர் ஒரு குவார்ட்டருக்கு மேலேயே குடித்திருக்கிறார்.

உடம்பு நிதானத்துக்கு வந்த பிறகுதான் மனசு தன் வேலையைத் தொடங்கும். காரணமில்லாத எரிச்சல், விளம்பரத்தைப் பார்த்தால்கூட அழுகை, சில நாள் எதுவுமே உறைக்காத மரத்துப்போன நிலை. தூக்கம் சரியாக மாதக்கணக்கில்கூட ஆகலாம். மது நரம்புகளை அமுக்கி வைத்திருந்தது. அதை ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தது. மது போன பிறகு அந்த வேகம் மட்டும் மிஞ்சுகிறது. இது தெரியாமல் "குடிச்சப்பவே நல்லா இருந்தேன், விட்டப்புறம்தான் பைத்தியம் பிடிக்குது" என்று திரும்பிப் போகிறவர்கள் பலர். முதல் மூன்று மாதத்தில் வருகிற எரிச்சலையும் சோர்வையும் உங்கள் குணமாகக் கணக்கில் எழுதாதீர்கள். காயம் ஆறும்போது வருகிற வலி அது. ஆனால் சோர்வு வாரக்கணக்கில் நீடித்தாலும், செத்துப்போகலாம் என்ற நினைப்பு ஒரு தடவை தலைகாட்டினாலும், அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இப்போது நோட்டு. 40 பக்கப் பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். குடிக்க வேண்டும் என்ற ஆசை எழும் ஒவ்வொரு முறையும் நேரம், இடம், அதற்கு முன் நடந்தது, உணர்ச்சி, ஆசையின் அளவு இவற்றை ஒரு வரியில் எழுதுங்கள். அளவுக்கு 0 முதல் 10 வரை மார்க். முதல் வாரத்துப் பக்கம் இப்படி இருக்கும்:

செவ்வாய் 5.40. சைட். மேஸ்திரி எல்லார் முன்னாடியும் திட்டினார். மதியம் சாப்பிடல. கோபம் 8. ஆசை 7.
வெள்ளி 7.15. வீடு. யாரும் இல்ல. சும்மா உக்காந்திருந்தேன். ஆசை 5.
ஞாயிறு 12.05. கடை தொறந்திருப்பான்னு ஞாபகம். ஆசை 6.

செவ்வாய்க்கிழமை வரியை மறுபடி படியுங்கள். எழுதியவர் கண்ணுக்கு மேஸ்திரிதான் தெரிவார். ஆனால் மேஸ்திரியை மாற்ற முடியாது. மதியச் சாப்பாட்டை மாற்ற முடியும். வயிறு காலியாக இருந்தால் கோபமும் ஆசையும் ஒன்றாகவே ஏறும். மீட்பில் இருப்பவர்கள் பசி, கோபம், தனிமை, களைப்பு என்று நான்கைச் சொல்லி வைத்திருப்பார்கள். ஆசை வந்ததும் இந்த நான்கில் இப்போது எத்தனை இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணுவார்கள். இரண்டுக்கு மேல் இருந்தால் முதலில் சாப்பாடு, மற்றதெல்லாம் பிறகு. நான்கரை மணிக்கு இரண்டு வாழைப்பழமோ, ஒரு தட்டு சுண்டலோ சாப்பிட்டுவிட்டு வேலையை விட்டுக் கிளம்புவது சாதாரண விஷயமாகத் தோன்றும். மேலே பார்த்த செவ்வாய்க்கிழமையில் பாதியை அது தவிர்த்திருக்கும். முதல் மாதங்களில் இனிப்பு மேல் ஆசை கூடும். சர்க்கரை நோய் இல்லாதவர் அதோடு போராட வேண்டியதில்லை.

ஆசை வந்துவிட்டால் அடுத்த அரை மணி நேரம்தான் கணக்கு. பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்தில் அது உச்சிக்குப் போய் இறங்கிவிடும். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதைக் கடல் அலைக்கு ஒப்பிட்டு, அலையை எதிர்த்து முட்டாமல் அதன் மேலேயே மிதந்து கடக்கும் பயிற்சி ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். செய்யும் விதம் எளிது. கடை இருக்கும் தெருவை விட்டு விலகி எங்காவது உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் படட்டும். ஆசை உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்: சிலருக்குத் தொண்டையில், சிலருக்குத் தாடையில், சிலருக்கு அடிவயிற்றில். அந்த இடத்தையே கவனித்தபடி மூச்சை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மார்க்கை நோட்டிலோ கைப்பேசியிலோ குறியுங்கள். 7, 8, 8, 6, 4 என்று இறங்குவதை ஒருமுறை தன் கையெழுத்திலேயே பார்த்துவிட்டவருக்கு, அடுத்த முறை பயம் பாதியாகிவிடும். "நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது" என்று பல்லைக் கடிப்பவருக்கு அந்த நினைப்பே பெரிதாகும். அதே போல, துணைக்கு ஒருவருக்கு போன் செய்வதாக இருந்தால் ஆசை 4-ல் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். 9-க்கு ஏறிய பிறகு விரல் அந்த நம்பரைத் தொடாது.

குறிக்கோளுக்கு வருவோம். "நல்ல அப்பாவா இருக்கணும்" என்பது விருப்பம். "சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பாப்பாவை பார்க்குக்குக் கூட்டிப்போவேன்" என்பது குறிக்கோள். ராத்திரி படுக்கும்போது செய்தேன், செய்யவில்லை என்று டிக் போட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் இன்னும் சின்னதாக உடையுங்கள். முதல் மாதத்துக்கு மூன்று போதும்: உடம்புக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, பணத்துக்கு ஒன்று. அவற்றில் ஒன்றாவது நோட்டு காட்டிக்கொடுத்த ஆபத்தான நேரத்தை அடைக்க வேண்டும். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரைதான் பலருக்கு ஆபத்து. அந்த நேரத்தில் குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் ஏழு மணிக் கூட்டத்துக்குப் போவது, பிள்ளையை ட்யூஷனிலிருந்து அழைத்து வருவது என்று யாராவது உங்களுக்காகக் காத்திருக்கும் வேலையாக இருக்கட்டும். தனியாகச் செய்கிற நடைப்பயிற்சி மூன்றாம் நாளே நின்றுவிடும். பிள்ளை ட்யூஷன் வாசலில் நிற்கிறாள் என்றால் கால் தானாகப் போகும். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரனில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் கூட்டங்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் தமிழிலேயே நடக்கின்றன. கட்டணம் கிடையாது, பெயரைக்கூட முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை. "இன்று மட்டும்" என்று அங்கே சொல்வார்கள். ஆயுள் முழுக்கக் குடிக்காமல் இருப்பதை நினைத்து மலைக்கிறவருக்கு இன்று ராத்திரி பத்து மணி வரை என்பது பிடிபடும்.

நம் ஊரில் மாலை போடுகிற ஆண்களைப் பாருங்கள். பத்து வருடமாக விட முடியாதவர் 41 நாளோ 48 நாளோ சொட்டுக்கூடத் தொடுவதில்லை. மன உறுதி இல்லாதவர் என்று அவரை எப்படிச் சொல்வது? அந்த நாட்களில் அவருக்கு விடியற்காலைக் குளியல் இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பாடு இருக்கிறது, சாயங்காலம் பூஜையும் பஜனையும் இருக்கிறது, கூட ஒரு குழு இருக்கிறது, எல்லோரும் "சாமி" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்றே இவ்வளவும் ஒரே நாளில் போய்விடுகிறது. பலர் அன்று ராத்திரியே குடிப்பதற்கு அதுதான் காரணம். குடிக்க மாட்டேன் என்று கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறவர்களுக்கும் இதேதான். மாலை போட்டவர் கழற்றுவதற்கு இரண்டு வாரம் முன்பே, இவற்றில் எவை தொடரும் என்று எழுதிக்கொள்ள வேண்டும்: அதே நேரத்துக் குளியல், அதே குழுவில் ஒருவரோடு தினம் ஒரு பேச்சு, சாயங்காலத்துக்கு ஒரு வேலை. மாலை கழற்றும் நாளின் மாலைப்பொழுதை யாரோடு, எங்கே கழிப்பது என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். கயிறு கட்டும் நாளையே மருத்துவரைப் பார்க்கும் நாளாக வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் பலம்.

பணம் தனியாகப் பேச வேண்டிய விஷயம், ஏனென்றால் அவமானம் இங்கேதான் குடியிருக்கிறது. சம்பளம் வங்கிக் கணக்குக்கு வருகிறதென்றால் அன்றே வீட்டுச் செலவுத் தொகை மனைவியோ அம்மாவோ வைத்திருக்கும் கணக்குக்குத் தானாக மாறும்படி செய்துகொள்ளுங்கள். கையில் பஸ் காசும் டீ காசும் போதும். ஜிபே இருக்கும் கைப்பேசி காலிப் பர்ஸுக்குச் சமம் இல்லை. உங்கள் வங்கியில் முடியுமானால் தினசரி வரம்பை 200 ரூபாய்க்குக் குறைத்து வையுங்கள், அல்லது ஆறு மாதத்துக்குச் செயலியை எடுத்துவிடுங்கள். கடனை எல்லாம் ஒரே தாளில் எழுதுங்கள்: மளிகைக்கடை 1,400, மச்சான் 5,000, வட்டிக்காரர் 20,000 என்று. வட்டி ஓடும் கடனுக்கு மாத வட்டி தவறக் கூடாது. அதைத் தவிர மற்றதில் மிகச் சின்னக் கடனை முதலில் அடைப்பது நல்லது. மளிகைக்கடைக்காரர் முகத்தைப் பார்க்கப் பயந்து சுற்றுவழியில் போகிறவர், அந்தச் சுற்றுவழியிலேயே டாஸ்மாக்கைக் கடந்துதான் போகிறார். 1,400-ஐ மாதம் 350 ஆக நான்கு மாதத்தில் தருகிறேன் என்று நேரில் சொல்லிவிட்டால் அந்தத் தெரு மறுபடி உங்கள் தெரு ஆகிவிடும். எல்லோரிடமும் ஒரே வாரத்தில் மன்னிப்புக் கேட்டு, எல்லாக் கடனையும் புதுக்கடன் வாங்கி அடைக்கும் வேகம் வேண்டாம்.

வீட்டில் வரும் கோபம் வெளியில் வருவதைவிடக் கடுமையானது. "நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு, இன்னும் வாயை மோந்து பாக்குறா" என்பதுதான் பெரும்பாலான ஆண்களின் முதல் புகார். மனைவி பத்து வருடம் ஏமாந்தவர். ஒரு மாதத்தில் நம்பிக்கை வராது, வரவும் கூடாது. இதைச் சண்டையாக விடாமல் ஏற்பாடாக மாற்றலாம். தினம் வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்பதற்கு முன்பே பக்கத்தில் உட்கார்ந்து அன்று நடந்ததை இரண்டு நிமிடம் சொல்லுங்கள். மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால் அவர் முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். மனைவியும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பழைய கதையை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எடுக்கக் கூடாது. கோபம் 6-ஐத் தாண்டினால் "இருபது நிமிஷத்துல வரேன்" என்று நேரம் சொல்லிவிட்டு மாடிக்குப் போகலாம். நேரம் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினால் வீட்டில் இருப்பவர் கடைக்குத்தான் என்று நினைப்பார்; பல தடவை கால் அங்கேயேதான் போகும். அடி விழுகிற வீட்டுக்கு இந்த ஏற்பாடு எதுவும் பொருந்தாது. அங்கே மனைவி, பிள்ளைகளின் பாதுகாப்புதான் முதலில். பெண்களுக்கான உதவி எண் 181.

சந்தோஷமும் ஆளைக் கவிழ்க்கும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. தீபாவளி போனஸ், தங்கச்சி கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி, மகன் பாஸான செய்தி, எல்லாவற்றையும் பாட்டிலோடு கொண்டாடிப் பழகியவருக்கு வெறும் சந்தோஷத்தோடு சும்மா உட்காரத் தெரியாது. எழவு வீடும் அப்படித்தான்; துக்கத்தோடு கூடவே ஊற்றிக்கொடுக்கவும் ஆள் இருக்கும். கல்யாணத்துக்கு முகூர்த்த நேரத்துக்குப் போய், பந்தியில் சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டுக் கிளம்புங்கள். முதல் நாள் ராத்திரி தங்க வேண்டாம். குடிக்காத ஒருவரோடு சேர்ந்து போங்கள், வண்டிச் சாவி உங்களிடம் இருக்கட்டும். "டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கார், இது சேர்ந்தா ஆஸ்பத்திரிதான்" என்ற ஒற்றை வரியை வீட்டிலேயே சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். காரணத்தை விளக்க ஆரம்பித்தால் எதிராளி வாதாட ஆரம்பிப்பார்.

முதல் வருடத்தில் பெரிய முடிவுகளைத் தள்ளிப்போடுவது நல்லது: வேலையை விடுவது, கடன் வாங்கிக் கடை வைப்பது, கல்யாணம். "ஒரு கால்கட்டுப் போட்டா சரியாயிடுவான்" என்று பெரியவர்கள் சொல்வது அன்பினால்தான். ஆனால் அது இன்னொரு வீட்டுப் பெண்ணை மருந்தாகக் கொடுப்பது. அதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

மாத்திரைகள் பற்றிச் சுருக்கமாக. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்றவை ஆசையைக் குறைக்க உதவும். கல்லீரல், சிறுநீரக நிலையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். டைசல்ஃபிரம் வேறு வகை. அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, இரத்த அழுத்த வீழ்ச்சி வரை போகும், உயிர்கூடப் போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரை அந்த விளைவு இருக்கும். ஆல்கஹால் கலந்த இருமல் மருந்துகளும், நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் அரிஷ்டம், ஆசவம் போன்றவையும் இதோடு ஒத்துவராது. அவற்றில் நொதித்து உண்டான ஆல்கஹால் இருக்கிறது. "குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்" என்ற விளம்பரத்தை நம்பி எதையும் கலக்காதீர்கள். என்ன சாப்பிட்டோம் என்று தெரியாமல் அதன் மேல் குடிக்கிறவருக்கு உயிரே போகலாம். தூக்கம் வரவில்லை என்று மெடிக்கலில் தானாகத் தூக்க மாத்திரை வாங்குவதும் கூடாது. ஒரு பழக்கத்தின் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துவிடும்.

சறுக்கல் வரலாம். அதற்கும் திட்டம் முன்பே எழுதி பர்ஸில் இருக்க வேண்டும். 61 நாள் குடிக்காமல் இருந்து 62-ஆம் நாள் ஒரு கட்டிங் போட்டவரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அந்தக் கட்டிங் இல்லை. "எல்லாம் போச்சு, இனி என்ன, ஃபுல்லா குடிச்சுட வேண்டியதுதான்" என்று அதன் பின்னால் வருகிற வெட்கம்தான். பர்ஸில் இருக்கும் சீட்டில் இப்படி இருக்கட்டும்: மிச்சத்தைக் கீழே கொட்டு. இடத்தை விட்டு எழுந்திரு. வண்டி ஓட்டாதே. இவருக்கு போன் செய் (நம்பர்). சாப்பிடு. இன்றைக்கே வீட்டில் சொல். டைசல்ஃபிரம் போட்டிருந்தால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போ.

மறுநாள் நோட்டில் 62-க்கு 61 என்று எழுதுங்கள். பூஜ்யம் என்று எழுதாதீர்கள். பிறகு பக்கங்களைப் பின்னால் புரட்டுங்கள். ஏறக்குறைய எப்போதும் மூன்று நான்கு நாள் முன்பே ஏதாவது நின்றிருக்கும்: நோட்டு எழுதுவது, மதியச் சாப்பாடு, கூட்டத்துக்குப் போவது, மாத்திரை. முதலில் நின்றது எதுவோ, அதை மட்டும் இந்த வாரக் குறிக்கோளாக வையுங்கள். ட்யூஷனுக்குப் போவதும் மளிகைக்கடைக்கு 350 கொடுப்பதும் சறுக்கலுக்காக ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது.

ஒரு நாளோடு நிற்காமல் நாள்கணக்கில் தொடர்ந்து குடித்துவிட்டால் மட்டும் மறுபடி வீட்டிலேயே நிறுத்த முயல வேண்டாம். கை நடுங்கத் தொடங்குவதற்குள் மருத்துவமனைக்குப் போய், எத்தனை நாள், தினம் எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்கு, முன்பு வலிப்பு வந்ததுண்டா, இப்போது என்ன மாத்திரை என்ற ஐந்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். போன தடவை சேர்ந்திருந்த ஆஸ்பத்திரிச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.